நான்காவது கம்பி

வாடை சுற்றுப்பாதை நிலையம். பராமரிப்புக் குறிப்பு.
எழுதுபவர்: தளவாய், பராமரிப்புப் பொறியாளர்.

நாள் 112 · 07:10
சரக்குக் கலத்தை இறக்கி முடித்தோம். தண்ணீர்ப் பைகள், உணவு, இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆளான ஆய்வாளர் ரமீஸாவின் படிகப் பரிசோதனைக்கான கண்ணாடிக் குழாய்கள், விசிறிகள். ஆறு விசிறிகள் கேட்டிருந்தோம். ஐந்துதான் வந்திருக்கின்றன.

அடுத்து வரும் பராமரிப்பாளருக்காக இதை எழுதிவைக்கிறேன். இங்கே இருப்பவை கணினிப் பெட்டிக்குள் வைக்கும் உள்ளங்கை அகல விசிறிகள். ஆனால் வாடையில் அவை வசதிக்காக இல்லை. எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே போகாது. மேல் என்று ஒன்று இங்கே கிடையாது. விசிறி நின்றால் கணினியின் சூடு கணினியைச் சுற்றியே நிற்கும். தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே நிற்கும். அதையேதான் அவர் திரும்ப இழுப்பார்.

மூன்று வரிசைகள், வரிசைக்கு இரண்டு விசிறிகள்: கணினி, காற்றுச் சுத்திகரிப்பான், படுக்கைகள். மூன்றையும் ஒரே கட்டுப்படுத்தி ஓட்டுகிறது. ஒரு வரிசையின் இரண்டு விசிறிகளும் ஒரே கம்பியிலிருந்து கிளை பிரிகின்றன. முதல் விசிறியின் வேகம் மட்டும் திரையில் தெரியும். இரண்டாவதும் அதே போல் ஓடும் என்பது கணக்கு.

நாள் 112 · 14:40
ஐந்தையும் பொருத்திவிட்டேன். அகலம் சரி, திருகுத் துளைகள் சரி. ஒரு வேறுபாடு. பழையவற்றின் பிளக்கில் மூன்று கம்பிகள், புதியவற்றில் நான்கு. கட்டுப்படுத்தியில் ஊசிகள் மூன்றுதான். பிளக் ஏறுகிறது. நான்காவது கம்பியின் ஓட்டை மட்டும் ஓரத்தில் காலியாக நிற்கிறது. தரை நிலையத்தைக் கேட்டேன்.

ஜெபமலர், தரைப் பணியாளர்: "வாங்கி அனுப்புன செண்பகராமன் சார் பக்கத்துலதான் நிக்காரு அண்ணாச்சி. அவர்ட்டயே கேளுங்க."
செண்பகராமன்: "பிளக் ஏறுதுல்லா? சுத்துதுல்லா? பெறவு என்ன அண்ணாச்சி, சம்பந்தம் முடிஞ்சாச்சு. ஜாதகமும் கேப்பிய போல."
நான்: "நாலாவது கம்பி எதுக்கு சார்?"
செண்பகராமன்: "புது மாடல்ல கூட ஒண்ணு வச்சிருப்பான். சும்மா கிடக்கட்டும். இங்க ஓட்டிப் பாத்துத்தான் அனுப்பியிருக்கு."

முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தும் ஓடின. ஒன்று குறைந்ததால் என் படுக்கையில் பழைய விசிறியையே விட்டுவிட்டேன். ரமீஸா வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. புதியது அவருக்கு.

நாள் 113 · 10:00
சரக்குக் கலம் பிரிந்து சென்றது. குப்பை, காலிப் பைகள், கழற்றிய ஐந்து பழைய விசிறிகள் அதில் போகின்றன. மாலைக்குள் காற்று மண்டலத்தில் எரிந்துவிடும். கலங்கள் வந்து இணைய நிலையத்துக்கு இருக்கும் ஒரே வாசல் இப்போது காலி.

நாள் 119 · 18:30
ரமீஸாவின் படிகங்கள் வளரத் தொடங்கிவிட்டன. நோய்க்கிருமி ஒன்றின் புரதத்தைப் படிகமாக்குகிறார். அதிர்வு கூடாது. வேலை நடக்கும் நாட்களில் விசிறிகளை மிகக் குறைந்த வேகத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். படுக்கை வரிசை 1180 சுற்று, பச்சை விளக்கு. மற்ற இரண்டு வரிசைகளும் பச்சை.

நாள் 131 · 08:00
எல்லா வரிசைகளும் பச்சை.

காலைத் தேநீரின்போது ரமீஸா சொன்னார்: "உங்க விசிறிக்கு ஆஸ்துமா போல அண்ணாச்சி, ராத்திரி பூரா இழுக்கு. என்னோடத பாருங்க, மூச்சுச் சத்தம் கூட இல்ல."

புதியதற்கும் பழையதற்கும் அதுதான் வித்தியாசம் என்றேன்.

நாள் 136 · 09:15
ரமீஸாவுக்கு மூன்றாவது நாளாகத் தலைவலி. எழுந்தவுடன் கடுமையாக இருக்கிறது, படுக்கையை விட்டு வந்தால் குறைகிறது. காயல்பட்டினத்தில் இருக்கும் தன் அம்மாவுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு என்கிறார். தரை நிலைய மருத்துவர் மாத்திரை சொன்னார். காற்றில் கரியமில வாயுவின் அளவைக் கேட்டார். அதை அளக்கும் உணரி சுத்திகரிப்பான் வாயருகே இருக்கிறது. அங்கே அளவு சாதாரணம். படுக்கை விசிறி ஓடுகிறதா என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். 1180. ஓடுகிறது என்றேன்.

நாள் 140 · 05:20
ரமீஸா தேநீருக்கு வரவில்லை. படுக்கைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திறந்தேன். உதடுகள் நீலம். முகம் முழுக்க வியர்வை. துளிகள் விழாமல் ஒட்டியபடி நின்றன. வெளியே இழுத்து அவசர முகமூடியைப் போட்டேன். ஒரு குப்பி ஆக்ஸிஜன் முழுதும் தீர்ந்தது. கண் திறந்தார். பேச்சுக் குழறுகிறது.

அவர் விசிறியின் இறக்கையை விரலால் தொட்டேன். நின்றிருந்தது. தூசி படிந்திருந்தது. நின்று பல நாட்கள் ஆகியிருக்க வேண்டும்.

ஜெபமலர்: "அண்ணாச்சி, எங்க திரையில 1180 காட்டுதே."
நான்: "அது என் விசிறி ஜெபா. முதல் இடத்துல இருக்கது என் பழைய விசிறி. அது தன் வேகத்தைச் சொல்லுது. அவளோடது நின்னத யாரும் சொல்லல."



நாள் 140 · 16:00
நின்றுபோன விசிறியைப் பிரித்தேன். உள்ளே அரிசி அளவு மின்னணுத் துண்டு ஒன்று கருகியிருக்கிறது.

செண்பகராமன்: "தயாரிச்சவன்ட்ட கேட்டேன் அண்ணாச்சி. வேகம் எவ்வளவுங்கற கட்டளை அந்த நாலாவது கம்பியிலதான் வருமாம். மின்சாரம் எப்பவும் முழுசா இருக்கணுமாம். நாங்க... இங்க முழு வேகத்துல மட்டுந்தான் ஓட்டிப் பாத்தோம்."

எங்கள் கட்டுப்படுத்தி கட்டளை அனுப்புவதில்லை. வேகத்தைக் குறைக்க மின்சாரத்தையே வெட்டி வெட்டி அனுப்புகிறது, நொடிக்குப் பல ஆயிரம் முறை. பழைய விசிறிக்குள் இருப்பது சாதாரணச் சுற்று, அது பொறுத்துக்கொள்ளும். புதியதன் மின்னணுத் துண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது. நாள் 119 முதல் இதுதான் நடந்திருக்கிறது. பிளக் பொருந்தியது. விசிறியும் கட்டுப்படுத்தியும் பொருந்தவில்லை.

எல்லா வரிசைகளையும் முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டேன். முழு வேகத்தில் வெட்டு இல்லை. ஆனால் கெட்டது கெட்டதுதான். சுத்திகரிப்பானில் இரண்டாவது விசிறியும் முன்பே நின்றிருக்கிறது. அதையும் திரை சொல்லவில்லை. கணினி விசிறிகள் இரண்டும் ஓடுகின்றன. கருகல் வாடை வருகிறது.

ஓடுபவை: கணினியில் இரண்டு, சுத்திகரிப்பானில் ஒன்று, என் பழையது ஒன்று. பழையதை என் படுக்கையிலிருந்து கழற்றிச் சுத்திகரிப்பானில் போட்டேன். இருவரும் இனி அதன் வாயருகே உறங்குவோம். ரமீஸாவின் படிகங்கள் இந்த அதிர்வில் உடைந்துவிடும். சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

நாள் 141 · 11:00
எங்களைக் கீழே இறக்க முடிவு செய்திருக்கிறார்கள். மெர்வின் என்ற விமானி ஆள் கலத்தைக் கொண்டுவருகிறார். நாள் 145 பிற்பகலில் இணைவார். இணையும்போது நிலையம் ஆடாமல் நிற்க வேண்டும். நிறுத்தி வைப்பது கணினி. ஆகவே அதுவரை கணினியும் பிழைக்க வேண்டும், நாங்களும் பிழைக்க வேண்டும்.

ஜெபமலர்: "திரைய நம்பாதீங்க. ஒரு துண்டு நூல் எடுத்து ரெண்டு பேரும் சட்டைக் காலர்ல கட்டிக்கிடுங்க. முகத்துகிட்ட காத்து ஓடுனா நூல் ஆடும். ஆடலன்னா அந்த இடத்துல நிக்காதீங்க. எங்கப்பா தோணியில பாய்மரத்துல இப்படித்தான் துணி கட்டுவாரு."

ரமீஸாவின் தையல் பையில் இரண்டு நிறங்கள் இருந்தன. பச்சை அவருக்கு, சிவப்பு எனக்கு.  கட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல வேள, யாரும் பாக்கல. ஏதோ மந்திரிச்சிக் கட்டுன மாதிரி இருக்கு."

இரண்டு நூல்களும் ஆடுகின்றன.

நாள் 142 · 20:45
சுத்திகரிப்பானில் மிஞ்சியிருந்த புதிய விசிறி நின்றது. இப்போது அங்கே பழையது மட்டும். அது மெதுவானது, தனியாக இரண்டின் வேலையையும் செய்யும் அளவுக்குச் செய்யப்பட்டதல்ல. கரியமில அளவு 2.9 சதவீதம். ரமீஸா பெரும்பாலும் தூங்குகிறார். எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறேன்.

நாள் 144 · 06:30
கலம் புறப்பட்டுவிட்டது. கணினி விசிறிகளில் ஒன்று நின்றது. அளவு 4.2. எனக்கும் தலைவலி. இன்று காலை ஒரு திருகைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினேன்.

ரமீஸா விழித்திருந்த நேரத்தில் கேட்டார்: "என் விசிறி சத்தம் இல்லன்னு பெருமையா சொன்னேன்ல அண்ணாச்சி?" சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது.

நான்தான் புதியதை உனக்குக் கொடுத்தேன் என்றேன்.

"நல்லதுன்னு நெனச்சித்தான குடுத்தீங்க. விடுங்க."

நாள் 145 · 13:10
கணினியின் கடைசிப் புதிய விசிறி நின்றது.

நிலையத்தில் ஓடும் விசிறி ஒன்று. அந்தக் கட்டுப்படுத்திக்குப் பொருந்தும் விசிறியும் அது ஒன்றுதான். அது தேவைப்படும் இடங்கள் இரண்டு: கணினி, சுத்திகரிப்பான்.

கலம் 15:20க்கு வரும். ரமீஸா எழுப்பினால் எழுகிறாள். விட்டால் உடனே உறங்கிவிடுகிறாள். முடிந்த மட்டும் விசிறி சுத்திகரிப்பானில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் கணினிக்கு மாற்றுகிறேன்.

நாள் 145 · 15:35
தவறு. தாமதமாக மாற்றினேன். கணினி சூட்டில் தானே அணைந்துகொண்டது. கலம் நூறு மீட்டரில் இருந்தபோது நிலையம் உருளத் தொடங்கியது.

மெர்வின்: "வாடை, நீங்க ஆடுதீங்க. நான் பின்வாங்குறேன். பின்வாங்குறேன்."

கணினியை மறுபடி எழுப்பிவிட்டேன். ஆட்டம் அடங்குகிறது.

மெர்வின்: "இன்னும் ஒரு தடவைக்குத்தான் எரிபொருள் இருக்கு. ஒரு சுத்து சுத்தி 16:50க்கு வாரேன். அந்த நேரம் நிலையம் அசையாம இருந்தாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஜெபமலர்: "அண்ணாச்சி, விசிறிய கணினியில இருந்து எடுக்காதீங்க. இனி எடுக்கவே எடுக்காதீங்க. கேக்குதா?"
நான்: "கேக்கு."
ஜெபமலர்: "காத்துக்கு என்ன செய்யப் போறீங்க?"
நான்: "கை இருக்கு."

நாள் 145 · 15:50
உணவுத் தட்டின் மூடி. அகலமானது, இலேசானது. சுத்திகரிப்பான் வாயருகே என் காலைக் கம்பியில் கட்டிக்கொண்டேன். ரமீஸாவின் உறக்கப் பையை எதிரே கட்டியிருக்கிறேன். மிச்சமிருந்த குப்பியில் பாதி ஆக்ஸிஜன். முகமூடி அவளுக்கு. மூடியால் வீசுகிறேன். பச்சை நூல் ஆடுகிறது.

எழுதக் கை வேண்டும். வீசவும் கை வேண்டும். இனிக் குரலில் பதிகிறேன்.

நாள் 145 · 16:08 · குரல்
அளவு 5.1. குப்பி தீர்ந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டேன், இல்லாவிட்டால் அவள் மூச்சே அவளுக்கு. வீசுகிறேன். நிறுத்தினால் பச்சை நூல் நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஐந்தாவது மூச்சில் நிற்கிறது. ஆகவே நிறுத்தக் கூடாது.

கணினி வரிசை முழு வேகம், 2640. பச்சை.

நாள் 145 · 16:19 · குரல்
ஜெபமலர்: "அண்ணாச்சி, உங்க நூல் ஆடுதா?"
நான்: "அவளோடது ஆடுது."
ஜெபமலர்: "நான் உங்களோடத கேட்டேன்."
நான்: "குனிஞ்சு பாக்கணும். பாத்தா வீச்சு நிக்கும்."
ஜெபமலர்: "கொஞ்சம் அவளுக்கு, கொஞ்சம் உங்களுக்குன்னு வீசுங்க. சொன்னாக் கேளுங்க, ஒங்களக் கெஞ்சிக் கேக்கேன்."

முயன்றேன். என் பக்கம் திருப்பினால் அவள் உதடு நிறம் மாறுகிறது. பழையபடி வீசுகிறேன்.

நாள் 145 · 16:31 · குரல்
தோள் எரிகிறது. கை மாற்றினேன். கண்ணில் ஓரம் இருட்டு. விசிறியை எடுத்து வந்து இங்கே போட்டால் இரண்டு பேருக்கும் காற்று. கையெட்டும் தூரம். நான்கு திருகு. எடுத்தால் கலம் வராது. எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று பதிகிறேன்.

அடுத்து வருபவருக்கு. பிளக் ஏறினால் போதாது. கட்டுப்படுத்தி என்ன அனுப்புகிறது, விசிறி எதைக் கேட்கிறது. இரண்டையும் பாருங்கள். ஒவ்வொரு விசிறியையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

நாள் 145 · 16:40 · குரல்
பச்சை நூல் வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆடுகிறதா இல்லையா தெரியவில்லை. பயந்துபோனேன். வேறு நூல் கட்டினேன். ஆடுகிறது. நன்றாக ஆடுகிறது.

மெர்வின்: "வாடை, உங்களப் பாக்கேன். அசையாம நிக்கீங்க. ரொம்ப அழகா நிக்கீங்க."

நாள் 145 · 16:47 · குரல்
மூடி கனமாக... எடை இல்லாத இடத்தில் எப்படிக் கனக்கும். கை மாற்றினேன். எந்தக் கை.

நூல் ஆடுகிறது.

ரமீஸா, உன் விசிறி சத்தம் போடுகிறது பார். இழுக்கிறது. ஆஸ்துமா.

ஆடுகிறது.

ஆடு

நாள் 145 · 21:30 · எழுதுவது ரமீஸா
இந்தக் குறிப்பை முடிக்க வேண்டும் என்று நானே கேட்டேன். கலத்திலிருந்து எழுதுகிறேன். வாடையை விட்டுப் பிரிந்துவிட்டோம்.

இணைப்பு 16:54க்கு முடிந்தது. நிலையம் அசையவில்லை. மெர்வின் முகமூடியோடு உள்ளே வந்தார். அதன் பின் நடந்தது அவர் சொன்னது.

தளவாய் அண்ணாச்சி கம்பியில் கால் கட்டியபடி, என்னைப் பார்த்தபடி இருந்தாராம். கையில் தட்டு மூடி. கை மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்ததாம். உயிரோடுதான் இருக்கிறார் என்று மெர்வின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் புரிந்தது. கையை அசைத்தது திறந்த கதவின் வழியே கலத்திலிருந்து வந்த காற்று.

மெர்வின் அரைமணி நேரம் போராடினார். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. அவரையும் எங்களோடு கொண்டுவருகிறோம்.

கணினி வரிசை இப்போதும் 2640, பச்சை விளக்கு என்று ஜெபமலர் அக்கா சொல்கிறார். அந்த விசிறி ஆளில்லாத நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மருத்துவச் சோதனைக்காகச் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். என் காலரில் நூல்கள் இரண்டு இருந்தன. ஒன்று பச்சை, என்னுடையது. மற்றது சிவப்பு.